வேப்பரைசரில் எத்தனை பாகை வைப்பது? கஞ்சாப் பூவை ஆவியாக்கத் தொடங்குபவர்களுக்கு

காய்ந்த கஞ்சாப் பூவை எரிக்காமல் சூடாக்கி ஆவியாக இழுக்க உதவும் வேப்பரைசர் கருவியை வாங்கிப் பெட்டியைத் திறந்ததும் எல்லோருக்கும் வரும் முதல் கேள்வி இதுதான். சின்னத் திரையில் 180, 195, 210 என்று எண்கள் ஏறி இறங்கும். தெரிந்தவர்களிடம் கேட்டால் ஒருவர் 170 போதும் என்பார், இன்னொருவர் 215க்குக் கீழே இழுப்பதே வீண் என்பார். இரண்டு பேரும் தங்கள் அனுபவத்தைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் கருவி வேறு, பூ வேறு, உடம்பின் பழக்கம் வேறு.

கனடாவில் இருக்கும் தமிழர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். இங்கே 2018 ஒக்டோபர் 17 முதல் வயது வந்தவர்கள் கஞ்சாவைச் சட்டப்படி வாங்கலாம். ஒன்ராறியோவில் 19 வயது, அல்பேர்ட்டாவில் 18, கியூபெக்கில் 21. நித்திரை வராமல் தவிக்கும் பெரியவர்கள் முதல், புகையை விட்டு வேறு வழி தேடும் இளையவர்கள் வரை நம்மவர்கள் பலர் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். ஆனால் வீட்டில் கதைக்க முடியாத விஷயம் என்பதால் அரைகுறையாகக் கேட்டுவிட்டு, முதல் நாளே அதிக சூட்டில் நிறைய இழுத்து, நெஞ்சு படபடத்துப் பயந்துபோகிறார்கள். அது நடக்க வேண்டியதில்லை.

அவசரத்தில் இருப்பவருக்கு என் பதில்: 180 பாகை செல்சியஸில் தொடங்குங்கள். பூ மிகக் குறைவாக வையுங்கள். இரண்டே இரண்டு இழுப்பு, பிறகு அரை மணி நேரம் ஒன்றும் செய்யாமல் இருங்கள். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்தான்.

முதலில், யாருக்கு இது வேண்டாம்

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் எந்தச் சூட்டிலும் எடுக்கக் கூடாது. தனக்கோ பெற்றோர், சகோதரருக்கோ ஸ்கிட்சோஃப்ரீனியா போன்ற மனநோய் இருந்தால் கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. பக்கமே போகாமல் இருப்பது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆவியும் மூச்சுக்குழாயை உறுத்தும்; புகை இல்லை என்பதால் நுரையீரலுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்க வேண்டாம்.

இதய நோயைத் தனியாகச் சொல்ல வேண்டும். டி.எச்.சி. எடுத்த சில நிமிடங்களில் இதயத் துடிப்பு கூடும். தெற்காசியர்களுக்கு இதய நோய் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். ஐம்பதைத் தாண்டியவர், இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர், ஸ்டென்ட் வைத்தவர் என்றால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் அப்படித்தான், அந்த மருந்தின் வேலையைக் கஞ்சா கூட்டிவிடக் கூடும். பாமசியில் மருந்தாளுநரிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம். இது இங்கே சட்டப்படியான பொருள், அவர்கள் சாதாரணமாகப் பதில் சொல்லும் கேள்வி.

சூடு உள்ளே என்ன செய்கிறது

காய்ந்த பூவில் டி.எச்.சி. கொஞ்சம்தான் இருக்கும். அதில் நிறைந்திருப்பது டி.எச்.சி.ஏ. என்ற அமிலம், அதற்குப் போதை இல்லை. சூடு பட்டதும் அதிலிருந்து கரியமில வாயு பிரிந்துபோய், மிச்சம் டி.எச்.சி. ஆகிறது. 110, 120 பாகையில் இது மெதுவாக நடக்கும். வேப்பரைசரின் சூட்டில் சட்டென்று நடந்துவிடும். இன்னும் சூடு கூடும்போது டி.எச்.சி.யும் வாசனைப் பொருட்களான டெர்ப்பீன்களும் ஆவியாகிக் காற்றோடு கலந்து வரும்.

டெர்ப்பீன் என்றால் ஏதோ புதிய சரக்கு என்று எண்ண வேண்டாம். மல்லி விதையின் வாசத்துக்குக் காரணம் லினலூல். மிளகிலும் கிராம்பிலும் இருப்பது கேரியோஃபிலீன். தோடம்பழத் தோலைக் கிள்ளினால் தெறிப்பதில் பெரும்பங்கு லிமொனீன். நம் சமையலறை முழுக்க இருக்கும் இதே பொருட்கள்தான் கஞ்சாப் பூவிலும் இருக்கின்றன. வெறும் சட்டியில் மல்லியை வறுக்கும்போது நடப்பதுதான் இங்கும் நடக்கிறது: இளஞ்சூட்டில் வாசம் எழும்பும், நடுச்சூட்டில் நிறம் மாறும், கவனிக்காமல் விட்டால் கருகிய நெடி அடிக்கும்.

கருகல் ஏறக்குறைய 230 பாகையில் தொடங்குகிறது. அதற்கு மேலே போனால் நீங்கள் வேப்பரைசரை வைத்துக்கொண்டு புகைதான் பிடிக்கிறீர்கள். சுருட்டிப் பற்றவைத்தால் இழுக்கும்போது அதன் நுனி பல நூறு பாகைச் சூடாகும். அந்தத் தீயில்தான் கார்பன் மொனொக்சைடும் தாரும் புற்றுநோய் தரும் பென்சீனும் பெருமளவில் உருவாகின்றன. சான் பிரான்சிஸ்கோவில் 18 பேரை வைத்துச் செய்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு புகைப்பதையும் ஆவியாக இழுப்பதையும் ஒப்பிட்டது. இரத்தத்தில் சேர்ந்த டி.எச்.சி. ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் ஆவியாக இழுத்தபோது மூச்சில் வந்த கார்பன் மொனொக்சைடு வெகுவாகக் குறைந்திருந்தது. வேப்பரைசர் வாங்கிய காசுக்கு உண்மையான பலன் இதுதான். சூட்டைக் கண்டபடி ஏற்றினால் அந்தப் பலன் போய்விடும்.

அந்த வண்ண அட்டவணைகளைப் பற்றி

டி.எச்.சி. 157 பாகையில் கொதிக்கும், கேரியோஃபிலீன் 130இல், லிமொனீன் 176இல் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போட்ட அட்டவணைகள் எங்கும் கிடைக்கின்றன. அவற்றை நம்பி "இன்றைக்கு 160 வைத்தால் இது மட்டும் வரும், அது வராது" என்று கணக்குப் போடுபவர்கள் நிறையப் பேர். அந்தக் கணக்கு சரிவராது. டி.எச்.சி.க்குச் சொல்லும் 157 பாகை, காற்றழுத்தத்தை மிகமிகக் குறைத்து ஆய்வுக்கூடத்தில் அளந்த எண். கேரியோஃபிலீனின் 130உம் அப்படித்தான், சாதாரணக் காற்றழுத்தத்தில் அது கொதிக்க 250 பாகைக்கு மேல் வேண்டும். போதாததற்கு, ஒரு பொருள் ஆவியாக அது கொதித்தே ஆக வேண்டும் என்றில்லை. கொடியில் போட்ட துணி கொதிக்காமலே காய்கிறது. எந்தச் சூட்டிலும் எல்லாப் பொருளும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். சூடு கூடக் கூட எல்லாமே வேகமாக வரும்.

இதனால்தான் "குறைந்த சூடு தலைக்கு, அதிக சூடு உடம்புக்கு" என்ற பேச்சையும் நான் அப்படியே ஏற்பதில்லை. அதிக சூட்டில் உடம்பு கனத்துத் தூக்கம் வருவது உண்மை. ஆனால் அதற்கு எளிய காரணம் ஒன்று இருக்கிறது: அதே நேரத்தில் அதிக டி.எச்.சி. உள்ளே போகிறது. சூட்டை ஏற்றுவதை அளவை ஏற்றுவதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றை மனதில் வைத்தால் பாதி விபத்துகள் நடக்காது.

பூவின் லேபிளைப் படிப்பது

சூட்டைப் பற்றிக் கதைப்பதற்கு முன் இதைப் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் சூடும் பூவின் பலமும் சேர்ந்துதான் அளவைத் தீர்மானிக்கின்றன. சட்டப்படியான பொட்டலத்தில் கஞ்சா இலையும் வியப்புக்குறியும் போட்ட சிவப்பு அடையாளம் இருக்கும். சில பொட்டலங்களில் பக்கத்திலேயே இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வெறும் டி.எச்.சி., அது கிராமுக்கு 8 மில்லிகிராம் என்பதுபோலச் சின்னதாக இருக்கும். மற்றது மொத்த டி.எச்.சி., கிராமுக்கு 200 மில்லிகிராம் என்பதுபோலப் பெரிதாக இருக்கும். புதிதாக வருபவர்கள் சின்ன எண்ணைப் பார்த்து "இது மெல்லியது" என்று நினைத்துவிடுகிறார்கள். சூடு காட்டிய பிறகு உங்களுக்குக் கிடைக்கப்போவது பெரிய எண். அதைத்தான் பார்க்க வேண்டும்.

தொடங்குபவர்கள் மொத்த டி.எச்.சி. கிராமுக்கு 100 மில்லிகிராம், அதாவது 10 சதவீதம், அல்லது அதற்கும் குறைவான பூவை எடுக்கும்படி கனடா சுகாதாரத் துறை சொல்கிறது. கடைகளில் 20 சதவீதத்துக்கு மேற்பட்டதுதான் கண்ணில் படும்படி அடுக்கியிருக்கும். கேட்டு வாங்குங்கள். "முதல் முறை, டி.எச்.சி. குறைந்தது, சி.பி.டி. கலந்தது வேண்டும்" என்று சொன்னால் எடுத்துத் தருவார்கள்; சி.பி.டி. என்பது கஞ்சாவில் உள்ள போதை தராத இன்னொரு பொருள்.

கணக்கு மிக எளிது. கிராமுக்கு 100 மில்லிகிராம் உள்ள பூவில் 0.05 கிராம் வைத்தால் உள்ளே இருப்பது 5 மில்லிகிராம். கிராமுக்கு 200 உள்ள பூவில் 0.1 கிராம் வைத்தால் 20 மில்லிகிராம், நான்கு மடங்கு. கிண்ணத்தில் வைத்தது எல்லாம் உடம்பில் சேராது. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தார் 2006இல் வெளியிட்ட அளவீட்டில், வோல்கானோ என்ற ஜெர்மன் கருவியில் வைத்த டி.எச்.சி.யில் பாதிக்குச் சற்றுமேல்தான் ஆவிப்பைக்குள் வந்தது. உள்ளே இழுத்ததிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மூச்சோடு திரும்ப வெளியேறிவிட்டது. அப்படி இருந்தும் ஆவி பலம் குறைந்தது என்று எண்ணிவிடாதீர்கள். எப்போதாவது மட்டும் எடுப்பவர்கள் 17 பேரை வைத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் செய்து 2018இல் வெளியான ஆய்வில், அதே அளவு டி.எச்.சி.யைப் புகைத்தபோது இருந்ததைவிட ஆவியாக இழுத்தபோதுதான் போதையும் தடுமாற்றமும் கூடுதலாக இருந்தன. முன்பு சுருட்டிப் பிடித்தவர்கள் பழைய அளவையே வேப்பரைசரில் வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

0.01 கிராம்வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். கண்ணளவில் 0.05க்கும் 0.1க்கும் வித்தியாசம் தெரியாது.

கருவியைத் தயார் செய்தல்

புதுக் கருவியை முதலில் பூ இல்லாமல், வெறுமையாக, உச்சச் சூட்டில் இரண்டு மூன்று தடவை ஓட விடுங்கள். தொழிற்சாலை எண்ணெய், பசை வாடை எல்லாம் போகும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்வது நல்லது.

உங்கள் கருவி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். சிலவற்றில் பூ சூடான சுவரில் நேரடியாக ஒட்டியிருக்கும். பையில் போட்டுக்கொண்டு போகும் சின்னக் கருவிகள் பெரும்பாலும் இப்படித்தான். இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் பூ வெந்துகொண்டே இருக்கும், சுவரோரம் சீக்கிரம் கருக்கும். நடுவில் ஒருமுறை கிளறிவிட வேண்டும். வேறு சிலவற்றில் சூடான காற்று பூவுக்குள்ளால் போகும், இழுக்கும்போது மட்டும் வேலை நடக்கும், சுவை தெளிவாக வரும். இரண்டையும் கலந்தவையும் உண்டு.

திரையில் காட்டும் எண் பூவின் சூடு இல்லை, சூடாக்கியின் சூடு. நீங்கள் வேகமாக இழுத்தால் குளிர்ந்த காற்று புகுந்து பூவின் சூடு இறங்கும். அதனால் ஒரு கருவியின் 190 இன்னொன்றின் 200க்குச் சமமாக இருக்கலாம். நண்பர் சொன்ன எண்ணை அப்படியே வைக்காமல் உங்கள் கருவியில் நீங்களே ஏறிப் பார்க்க வேண்டியது இதனால்தான்.

எண் காட்டாமல் வெறும் விளக்கு மட்டும் உள்ள கருவி என்றால், கீழ்மட்ட விளக்கில் தொடங்குங்கள். கருவி ஃபாரன்ஹீட்டில் காட்டினால் இவை உதவும்: 180 பாகை செல்சியஸ் என்பது 356 ஃபாரன்ஹீட், 190 என்பது 374, 200 என்பது 392, 210 என்பது 410. திரையில் 356 என்று பார்த்துப் பதறியவர்களும் இருக்கிறார்கள், ஃபாரன்ஹீட் என்று தெரியாமல் 200 வைத்துவிட்டு "ஒன்றுமே வரவில்லை" என்று குறைப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

பூவைக் கிரைண்டரில் நடுத்தரமாக அரையுங்கள். மாவாக்கினால் வலையில் அடைக்கும், தூள் வாய்க்கு வரும். ஈரமான பூவிலிருந்து முதலில் வருவது நீராவி, அது குறைந்த சூட்டிலும் தொண்டையைச் சுடும். விரலில் நசுக்கினால் பொலபொலவென்று உதிர வேண்டும். கிண்ணத்தில் அழுத்தி அடைக்காதீர்கள். 0.05 கிராம் வைத்தால் பெரிய கிண்ணம் காலியாகத் தெரியும். சிறு அளவுக்கென்று விற்கும் குப்பியோ வலைத்தட்டோ இருந்தால் மேலே அதை வைத்து மூடலாம்.

மூன்று படிகள்

கீழ்ப்படி, 170 முதல் 185 வரை. வெளியே விடும்போது ஆவி கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். வெயிலுக்கு எதிரே விட்டால் மெல்லிய மூட்டம் தெரியும். சுவை முழுதாக இருக்கும், தொண்டை உறுத்தாது, இருமல் மிகக் குறைவு. போதை மெதுவாக ஏறும், தலை தெளிவாக இருக்கும். "ஒன்றும் வரவில்லையே" என்று சூட்டை ஏற்றுவதுதான் இந்தப் படியில் எல்லோரும் செய்யும் தவறு. ஆவி தெரியாவிட்டாலும் வருகிறது. நாக்கில் சுவை தெரிந்தால் டி.எச்.சி.யும் வருகிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

நடுப்படி, 185 முதல் 200 வரை. ஆவி தெளிவாகத் தெரியும். சுவை இருக்கும், கூடவே வறுத்த வாசமும் வரும். பழகியவர்களில் பலர் நிரந்தரமாக இங்கேயே இருந்துவிடுகிறார்கள். என் எண்ணத்தில் பெரும்பாலானோருக்கு இதற்கு மேலே போகத் தேவையே இல்லை.

மேற்படி, 200 முதல் 215 வரை. ஆவி அடர்த்தி, தொண்டையில் சூடு, இருமல், வறுத்த பாப்கோர்ன் சுவை. ஒரு இழுப்பில் நிறைய உள்ளே போகும். உடம்பு கனக்கும், தூக்கம் தள்ளும். நாள்பட்ட வலிக்காக மருத்துவர் சொல்லி எடுப்பவர்களும், நீண்ட காலமாகப் பழகியவர்களும் இங்கே வருவதற்குக் காரணம் உண்டு. தொடங்குபவருக்கு அந்தக் காரணம் இல்லை. 220க்கு மேலே நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மருத்துவக் கருவியாகவும் விற்கப்படும் மைட்டி என்ற பிரபலக் கருவியே 210இல் நின்றுவிடுகிறது. அதற்கு மேலே போகும் மலிவான கருவிகளில் அளவுமானி கொஞ்சம் பிசகினாலும் பூ கருகிப் புகைய ஆரம்பித்துவிடும்.

முதல் நாள்

வாகனம் ஓட்டவோ பிள்ளைகளைப் பார்க்கவோ வேண்டியிராத ஒரு மாலையைத் தெரிவு செய்யுங்கள். சாப்பிட்டிருங்கள். மது வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் தலைச்சுற்றும் சத்தியும் சுலபமாக வரும். பக்கத்தில் நம்பிக்கையான ஒருவர் இருக்கட்டும், தண்ணீர் இருக்கட்டும்.

0.05 கிராம் வையுங்கள். 180க்கு விடுங்கள். கருவி தயார் என்று காட்டிய பிறகும் அரை நிமிடம் பொறுங்கள், திரை சொல்லும் சூடு பூவுக்குள் இறங்க நேரம் வேண்டும். பிறகு சூடான தேத்தண்ணீரை உறிஞ்சும் வேகத்தில், ஐந்து முதல் எட்டு விநாடி, மெதுவாக இழுங்கள். சிகரெட்டைப் போல வெடுக்கென்று இழுத்தால் பூ ஆறிவிடும். உள்ளே ஓரிரு விநாடி போதும், வெளியே விடுங்கள். மூச்சை அடக்கிப் பிடிப்பதால் பெரிதாக ஒன்றும் கூடுவதில்லை, இருமல்தான் கூடும்.

ஒரு நிமிடம் கழித்து இன்னொரு இழுப்பு. அவ்வளவுதான், கருவியை அணைத்து மேசையில் வையுங்கள். இழுத்த சில நிமிடங்களுக்குள் ஏதோ தெரியத் தொடங்கும். ஆனால் முழு வேகம் வர அரை மணி நேரம் வரை ஆகலாம். அது ஆறு மணி நேரம்வரை நிற்கும், மந்தம் அடுத்த நாளும் கொஞ்சம் தொடரலாம்.

அரை மணி கழித்து போதும் என்று தோன்றினால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். போதவில்லை என்றால் அதே 180இல் இன்னும் ஒரு இழுப்பு. சூட்டை ஏற்றுவது வேறொரு நாளைக்கு. ஒரே நாளில் அளவையும் சூட்டையும் சேர்த்து மாற்றினால் எது என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியாது. அடுத்த தடவை 185, அதற்கடுத்து 190. எந்தப் பூ, எத்தனை கிராம், எத்தனை பாகை, எப்படி இருந்தது என்று தொலைபேசியில் ஒரு வரி எழுதி வையுங்கள்.

பழகிய பிறகு ஒரே வைப்பிலேயே படிப்படியாக ஏறலாம்: 180இல் சில இழுப்பு, சுவை மங்கியதும் 190, பிறகு 200. முதலில் வாசமும் பின்னர் பலமும் கிடைக்கும். இதில் ஒரு வசதி, எந்தப் படியிலும் நிறுத்திவிடலாம். நேரே 210இல் தொடங்கினால் அந்த வசதி இல்லை.

பூவின் நிறத்தைப் பார்த்தும் எங்கே நிற்கிறோம் என்று சொல்லலாம். பச்சை கலந்த இளமஞ்சள் என்றால் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது. பால் கலந்த கோப்பி நிறம் என்றால் பெரும்பகுதி வந்துவிட்டது. கடுங்கோப்பி நிறத்துக்குப் பிறகு இழுப்பதில் சுவையும் இல்லை, லாபமும் இல்லை. கறுப்பு விழுந்திருந்தால் அந்த இடம் எரிந்திருக்கிறது. அடுத்த முறை பத்துப் பாகை குறையுங்கள், அல்லது இடையில் கிளறுங்கள்.

எண்ணெய்க் குப்பி வேறு கதை

மேலே சொன்ன எண்கள் காய்ந்த பூவுக்கு மட்டும். பேனா போலிருக்கும் வேப்பில் வரும் எண்ணெய்க் குப்பிக்கும், டாப் என்று சொல்லும் செறிவூட்டிய சாற்றுக்கும் இவற்றைப் பொருத்தாதீர்கள். அவற்றின் பலம் பூவைவிடப் பல மடங்கு. 2017இல் போர்ட்லாண்ட் மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர்கள், டாப் முறையின் மிக அதிக சூட்டில் டெர்ப்பீன்கள் சிதைந்து பென்சீனும் மூச்சுக்குழாயை உறுத்தும் மெத்தக்ரோலீனும் உருவாவதைக் காட்டினார்கள். 2019இல் அமெரிக்காவில் கள்ளச் சந்தைக் குப்பிகளால் வந்த நுரையீரல் நோய் நினைவிருக்கும். 2020 பெப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள், இறந்தவர்கள் 68 பேர். எண்ணெயை நீர்க்கச் செய்யக் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்டோடு அந்த நோய்க்கு நெருங்கிய தொடர்பு இருந்தது. மலிவாகக் கிடைக்கிறது என்று முத்திரையில்லாத குப்பியை யாரிடமும் வாங்காதீர்கள். எந்தச் சூட்டில் வைத்தாலும் அது பாதுகாப்பாகாது.

கூடிப்போனால்

நெஞ்சு படபடப்பு, வாய் வறட்சி, கை குளிர்தல், "எனக்கு ஏதோ ஆகப்போகிறது" என்ற பயம். இவை டி.எச்.சி. கூடியதன் அடையாளங்கள். வெளிச்சம் குறைந்த அமைதியான இடத்தில் உட்காருங்கள், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். எழுந்து நடக்கும்போது இரத்த அழுத்தம் இறங்கி விழுந்துவிடக் கூடும், அதனால் யாராவது கையைப் பிடிக்கட்டும். ஓரிரு மணி நேரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மயக்கம், நிற்காத சத்தி என்றால் 911ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். வந்தவர்களிடம் என்ன எடுத்தீர்கள் என்று உள்ளபடி சொல்லுங்கள், அதற்காக யாரும் உங்களைப் பிடித்துக்கொண்டு போகப்போவதில்லை. சந்தேகம் கேட்க நஞ்சுத் தகவல் எண் 1-844-764-7669 இருக்கிறது.

மிச்சமும் துப்புரவும்

இழுத்து முடிந்த பழுப்புத் தூளில் டி.எச்.சி. இன்னும் இருக்கிறது. அதோடு, சூடு பட்டுவிட்டதால் அது அப்படியே வாயில் போட்டாலே வேலை செய்யும். குறைந்த சூட்டில் நிறுத்தியவர்களின் தூளில் இன்னும் அதிகம். அதை மேசையில் விட்டுவிட்டுப் போனால், தவழும் பிள்ளையோ வீட்டு நாயோ எடுத்துத் தின்ற கதைதான் மருத்துவமனையில் முடிகிறது. பூட்டக்கூடிய பெட்டியில் வையுங்கள், அல்லது ஈரமான கோப்பித் தூளோடு கலந்து குப்பையில் போடுங்கள்.

கருவி இளஞ்சூடாக இருக்கும்போதே தூரிகையால் கிண்ணத்தைத் துடைப்பது சுலபம். ஆறிவிட்டால் பிசின் இறுகிவிடும். வாய்க்குழாயையும் வலையையும் கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். துப்புரவில்லாத கருவியில் பழைய பிசின் திரும்பத் திரும்பச் சுடுபட்டு, 180இலேயே 210இன் கசப்பு வரும். பலர் "இந்தப் பூ சரியில்லை" என்று குறை சொல்வது உண்மையில் இதைத்தான்.

வாகனமும் விமானமும்

கனடாவில் வாகனம் ஓட்டுபவரின் இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம் டி.எச்.சி. இருந்தாலே குற்றம். 5ஐ எட்டினாலோ தாண்டினாலோ தண்டனையும் கடுமை. ஒன்ராறியோவில் 21 வயது வரை உள்ளவர்களுக்கும் புதிய ஓட்டுநர்களுக்கான ஜி1, ஜி2 உரிமம் வைத்திருப்பவர்களுக்கும் துளிகூட அனுமதி இல்லை. குறைந்த சூட்டில் இரண்டு இழுப்புத்தானே என்ற சமாதானம் அங்கே எடுபடாது. அன்று இரவு ஓட்டவே வேண்டாம், மந்தமாக இருந்தால் மறுநாள் காலையிலும் வேண்டாம்.

கனடாவின் எல்லையைத் தாண்டி எந்தப் பக்கமும் கஞ்சாவைக் கொண்டுபோக முடியாது, சட்டப்படி விற்கும் அமெரிக்க மாநிலத்துக்குப் போனாலும் கூட. யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ கலியாணத்துக்குப் போகிறவர்கள் பூவை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வேப்பரைசரைப் பையில் போட்டுக்கொள்வதுண்டு. இலங்கையிலும் இந்தியாவிலும் கஞ்சாப் பூ சட்டவிரோதம். சிங்கப்பூர் சட்டம் இன்னும் கடுமை, அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் எடுத்திருந்தாலும் திரும்பி வந்ததும் வழக்குப் போடலாம். கொழும்புக்குப் போகும் வழியில் சிங்கப்பூரில் இறங்கி ஏறுபவர்களும் இருக்கிறார்கள். கருவியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். கைப்பையின் சின்ன அறைகளில் கிரைண்டர் கிடக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள், அதன் மூடியில் ஒட்டியிருக்கும் தூளே மாட்டிவிடப் போதும்.